ஆய்வுச் சங்கத்தின் ஆட்சிக்குழுவுக்கு யாரை முன்மொழிவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுப் பொதுக்குழு நெருங்கினால் போதும், வரலாற்றுப் பேரவை, கணிதக் கழகம், கல்வெட்டு ஆய்வாளர் சங்கம், தமிழ்ச் சங்கம் என்று எல்லா இடத்திலிருந்தும் ஒரே மாதிரி சுற்றறிக்கை வரும்: "ஆட்சிக்குழுப் பொறுப்புகளுக்கு வேட்புமனுக்கள் வரவேற்கப்படுகின்றன." பெரும்பாலான உறுப்பினர்கள் அதை வாட்ஸாப்பில் பார்த்து ஒரு கைகூப்பு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிலர் மட்டும் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். இப்படிப்பட்ட சங்கங்களில் செயற்குழுவிலும் இருந்திருக்கிறேன், தேர்தல் அலுவலராகவும் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பதிவு செய்யப்பட்ட சங்கங்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் பைலா, அதாவது சங்கத்தின் விதித்தொகுப்பு, வேறு மாதிரி சொன்னால், சட்டத்துக்கு முரணாக இல்லாதவரை, பைலா சொல்வதுதான் செல்லும்.

ஆட்சிக்குழு, செயற்குழு, நிர்வாகக் குழு எல்லாம் ஒன்றா?

பெயர் எதுவானாலும் சட்டத்தின் கண்ணில் அது சங்கத்தின் குழு. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி அதில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும், ஒருவரின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மேல்வரம்பு, பதவிகளின் பெயர், எத்தனை துணைத்தலைவர் என்பதெல்லாம் அந்தந்தச் சங்கத்தின் பைலாவைப் பொறுத்தது. சில பெரிய சங்கங்களில் இருபது பேர் கொண்ட ஆட்சிக்குழு ஒன்றும், அன்றாட வேலைக்கு ஐந்தாறு பேர் கொண்ட செயற்குழு ஒன்றும் தனித்தனியாக இருக்கும். மனு கொடுப்பதற்கு முன் எதற்குக் கொடுக்கிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனால் எவ்வளவு வேலை இருக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் மேடை, பொன்னாடை, குழுப் புகைப்படம். உள்ளே இருப்பது வேறு.

பொருளாளரை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் முடிந்ததும் அவருக்கு வரும் முதல் வேலை வங்கிக் கணக்கில் கையெழுத்து அதிகாரம் மாற்றுவது. தீர்மான நகல், பதிவாளரிடம் கொடுத்த புதிய குழுப் பட்டியல், புதியவர்களின் ஆதார், பான், போட்டோ எல்லாவற்றையும் வங்கியில் கொடுக்க வேண்டும். சில கிளைகளில் பழைய கையெழுத்துக்காரர்களும் நேரில் வர வேண்டும் என்பார்கள். பழைய பொருளாளர் மகள் வீட்டுக்கு வெளிநாடு போயிருந்தால் கதை கந்தல்தான். மாற்றம் முடியும் வரை ஒரு காசோலைகூட நகராது. அச்சகத்துக்காரர் மட்டும் தவறாமல் போன் செய்வார். சங்கத்துக்கு வரிவிலக்கும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் தரும், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் முன்புபோல் நிரந்தரமில்லை, காலக்கெடு பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை ரசீது கொடுக்க முடியாது.

இதழாசிரியர் பாடு இன்னொரு வகை. கட்டுரைகள் இன்றைக்கும் வானவில் எழுத்துருவில் ஒன்று, பாமினியில் ஒன்று, யுனிகோடில் ஒன்று என்று வந்து விழும். எழுத்துருவை மாற்றும்போது ஒற்றெழுத்து காணாமல் போகும், கல்வெட்டு மேற்கோளில் வரும் கிரந்த எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். அதை மூலத்தோடு ஒப்பிட்டு வரிவரியாகச் சரி பார்க்க வேண்டும். மதிப்பீட்டாளருக்கு அனுப்பினால் மூன்று மாதம் பதில் இருக்காது. கட்டுரை எழுதியவரோ பதவி உயர்வு நேர்காணல் இருக்கிறது, ஏற்புக் கடிதம் மட்டுமாவது கொடுங்கள் என்பார். "முடியாது" என்று சொல்லத் தெரிந்தவர்தான் அந்த நாற்காலிக்கு ஏற்றவர்.

செயலாளருக்கு நடவடிக்கைக் குறிப்பு, கடிதப் போக்குவரத்து, உறுப்பினர் பதிவேடு, பதிவாளர் அலுவலகம். சாதாரண ஆட்சிக்குழு உறுப்பினருக்கு வேலை குறைவு என்பது பொய். கருத்தரங்கச் சுருக்கங்களைப் படித்துத் தேர்ந்தெடுப்பதும், மண்டபம் பிடிப்பதும், வரவு செலவைக் கேள்வி கேட்பதும் அவர்கள்தாம். செய்யாதவர்கள் உண்டு, அது வேறு விஷயம். கூட்டம் வழக்கமாக ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் இருக்கும் மாதங்களில்தான் உண்மையான வேலை நடக்கும்.

சம்பளம், படி ஏதாவது?

கிடையாது. பயணச்செலவு சில சங்கங்களில் உண்டு. பல சங்கங்களில் அதையும் உறுப்பினர்களே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

நான் பேராசிரியர் இல்லை. முனைவர் பட்டமும் இல்லை. என்னை முன்மொழிந்தால் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பவர்களுக்குச் சங்கங்களின் வரலாறு தெரியாது என்று அர்த்தம். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கிய வி. ராமஸ்வாமி அய்யர் ஒரு டெபுடி கலெக்டர். நண்பர்களுக்குக் கடிதம் எழுதி ஆள் சேர்த்தார். வேலை தேடிக்கொண்டிருந்த ராமானுஜன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூரில் போய்ப் பார்த்தது அவரைத்தான். ராமானுஜனின் முதல் கட்டுரை 1911இல் வெளிவந்ததும் அந்தக் கழகத்தின் இதழில்தான். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பாலவநத்தம் ஜமீன்தார். 1911இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் முதல் தலைவர் உமாமகேசுவரனார் வழக்கறிஞர். தமிழ் பிராமி ஆய்வுக்குப் பெயர் பெற்ற ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர்.

பொருளாளர் பதவிக்கு ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் கிடைத்தால் சங்கத்துக்கு அதிர்ஷ்டம். ஆய்வின் தரத்தை எடைபோட இதழின் மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். ஆட்சிக்குழுவின் வேலை அந்த ஆய்வு தொடர்ந்து நடக்க வழி செய்வது.

யார் முன்மொழியலாம், யார் நிற்கலாம்?

பொதுவாக, வாக்குரிமை உள்ள உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, நிற்பவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். மாணவ உறுப்பினர், இணை உறுப்பினர், நிறுவன உறுப்பினர் ஆகியோருக்கு வாக்குரிமை உண்டா என்பதில் சங்கத்துக்குச் சங்கம் வித்தியாசம் இருக்கிறது.

சந்தா பாக்கி இருந்தால் மனு தள்ளுபடியாகும். இது நிற்பவருக்கு மட்டுமல்ல, முன்மொழிபவருக்கும் வழிமொழிபவருக்கும் பொருந்தும். கடைசி நாளில் மூன்று பேரின் சந்தாவையும் சேர்த்து ஜிபேயில் அனுப்பி ஸ்கிரீன்ஷாட் காட்டுகிற காட்சி எல்லா ஆண்டும் நடக்கும். பைலாவில் "அறிவிப்பு நாளன்று பாக்கி இல்லாதவர்" என்று இருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட் பயன்படாது.

என்னை நானே முன்மொழிந்துகொள்ளலாமா?

பைலா இடம் கொடுத்தால் தாராளமாக. கொடுக்காவிட்டாலும் வெட்கப்படாமல் இரண்டு பேரிடம் போய், "எனக்கு இந்த வேலையில் ஆர்வம் இருக்கிறது, முன்மொழிவீர்களா?" என்று கேளுங்கள். நம் ஊரில் பதவி கேட்டு வாங்கக் கூடாது, தேடி வர வேண்டும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. விளைவு, வேலை செய்யத் தெரிந்தவர்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள். கேட்கக் கூச்சமில்லாதவர்கள் மேடையில் இருக்கிறார்கள்.

மனுவில் எங்கே தவறு நடக்கும்?

படிவம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். அதிலேயே மாட்டிக்கொள்வார்கள். பரிசீலனை மேஜையில் கண்ணில் படுவது இவை:

உறுப்பினர் எண் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. பதிவேட்டில் "கு. செல்வராசு", மனுவில் "டாக்டர் கே. செல்வராஜ்". இதைத் தள்ளுபடி செய்ய மாட்டோம், ஆனால் அடையாளம் கேட்டு அரை மணி நேரம் போகும். சம்மதக் கையெழுத்துக்கு இடம் இருக்கும், கையெழுத்து இருக்காது. ஆளைக் கேட்காமலே நண்பர்கள் மனு போட்டிருப்பார்கள். போன் செய்தால் "என்னது, நானா?" என்பார். ஒரே ஆள் செயலாளருக்கும் பொருளாளருக்கும் மனு போட்டிருப்பார். எதற்கு நிற்கிறார் என்று வாபஸ் நாளுக்குள் அவரே முடிவு செய்ய வேண்டும், நாங்கள் முடிவு செய்ய முடியாது. ஒரே இருவர் பதினொரு மனுக்களில் முன்மொழிந்தும் வழிமொழிந்தும் இருப்பார்கள். பைலாவில் தடை இல்லாவிட்டால் செல்லும். ஆனால் அந்தக் கட்டைப் பார்த்ததுமே அது எங்கே தயாரான பட்டியல் என்று புரிந்துவிடும்.

மின்னஞ்சலில் அனுப்பினால் ஸ்கேன் தெளிவாக இருக்கட்டும், பெற்றுக்கொண்டதற்குப் பதில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தல் அலுவலர் மனுவில் நிற்கக் கூடாது, முன்மொழியவும் கூடாது. பைலாவில் எழுதியிராவிட்டாலும் இது அடிப்படை நாகரிகம்.

வேட்பாளர் குறிப்பு 150 சொல்லில் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது?

வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "கடந்த முப்பது ஆண்டுகளாக அன்னைத் தமிழுக்கு அரும்பணி ஆற்றி வருபவர், பல்வேறு விருதுகளுக்குச் சொந்தக்காரர், எளிமையின் உறைவிடம்." வாக்களிப்பவருக்கு இதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. இரண்டு வேட்பாளர்களின் குறிப்பில் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்திவிடும்.

இதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "நம் இதழின் பழைய தொகுதிகள் பல நூலகங்களில் முழுமையாக இல்லை. என்னிடமும் இரண்டு நண்பர்களிடமும் சேர்த்து ஏறத்தாழ எல்லா இதழ்களும் உள்ளன. முதல் ஆண்டில் அவற்றை ஸ்கேன் செய்து, கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் அடைவுடன் இணையத்தில் ஏற்றுவேன். மாதம் இரண்டு சனிக்கிழமைகள் இதற்கு ஒதுக்க முடியும். கணக்கு வழக்கில் எனக்கு அனுபவம் இல்லை." இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே நான் வாக்குப் போடுவேன்.

எல்லோரும் பேசி ஒரு பட்டியலை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தால் நல்லதுதானே? அறிஞர்கள் சபையில் போட்டி எதற்கு?

ஒருமுறை அப்படி நடந்தால் நல்லதுதான். ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தால் பட்டியலை யார் எழுதுகிறார் என்று கேட்க வேண்டும்.

பிரிட்டனின் பழைய அறிவியல் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டியின் கதை இதற்குப் பொருத்தமானது. 1663ஆம் ஆண்டுச் சாசனப்படி அதன் கவுன்சிலில் 21 பேர். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 30 அன்று தேர்தல், 21 பேரில் 10 பேர் மாறியே ஆக வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல விதி இருக்க முடியாது. ஆனால் நடைமுறையில் தலைவர் பெயர்களை முடிவு செய்வார், உறுப்பினர்கள் ஆமோதிப்பார்கள். கணிப்பொறியின் முன்னோடி என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்த சார்லஸ் பாபேஜ் 1830இல் இதைப் பகிரங்கமாகச் சாடினார். அதே ஆண்டு, பதவி விலகவிருந்த தலைவர் டேவிஸ் கில்பர்ட், மன்னரின் தம்பியான சசெக்ஸ் கோமகனைத் தலைவராக்க ஏற்பாடு செய்தார். அறிவியலாளர்கள் விடவில்லை, வானியலாளர் ஜான் ஹெர்ஷலை நிறுத்தினார்கள். முடிவு 119க்கு 111. கோமகன் ஜெயித்தார்.

எட்டு வாக்கில் தோற்றதால் வீண் என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் பழைய முறையை ஏற்கவில்லை என்பது எண்ணிக்கையாகவே வெளியே வந்துவிட்டது. 1847இல் விதிகள் மாறி, புதிய உறுப்பினர் தேர்வு ஆண்டுக்கு 15 பேர் என்று இறுகியது. பணமும் பதவியும் வைத்திருந்த கனவான்களின் மன்றம் மெல்ல அறிவியலாளர்களின் அமைப்பாக மாறியது. 2015 முதல் 2020 வரை அதன் தலைவராக இருந்த வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர்.

நம் சங்கங்களில் போட்டி வந்தால் அதைத் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். "இத்தனை வருஷம் உழைத்தவரை எதிர்த்து நிற்கலாமா?" என்று கேட்பார்கள். நிற்கலாம். தோற்றவருக்கு மாலை போட்டு அடுத்த கருத்தரங்குக்குத் தலைமை தாங்க அழைக்கவும் செய்யலாம்.

இருபது ஆண்டுகளாக அதே முகங்கள். இதற்கு ஒரு விதி கொண்டு வர முடியாதா?

முடியும், பைலாவைத் திருத்த வேண்டும். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக் கூடாது, விலகியவர் மீண்டும் வர ஒரு முறை இடைவெளி வேண்டும் என்று எழுதலாம். சட்டம் சொல்லும் 3 ஆண்டு வரம்பு ஒரு பதவிக்காலத்துக்குத்தான். மறுபடி தேர்ந்தெடுக்கப்படுவதை அது தடுக்காது.

உத்திரமேரூர் என்றால் எல்லோரும் குடவோலையையும் பானையையும் சொல்வார்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளில் எனக்குப் பிடித்தது யார் யார் நிற்கக் கூடாது என்ற பகுதி. கி.பி. 919இல் ஓர் ஏற்பாடு, அது சரிவரவில்லையோ என்னவோ, 921இல் திருத்திய ஏற்பாடு. முதலாவதில் வயது 30 முதல் 60, இரண்டாவதில் 35 முதல் 70. கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழுவில்) இருந்தவர் பெயரை எழுதக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக் கூடாது. சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று உறவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடைத்திருக்கிறார்கள். பதவிக்காலம் 360 நாள். சொந்த நிலம், சொந்த மனை, வேதப் பயிற்சி என்ற தகுதிகளைப் பார்த்தால் அது எல்லோருக்குமான ஜனநாயகம் இல்லை, பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஒரு பிரமதேய ஊரின் சபை. ஆனால் இடைவெளி, கணக்கு, உறவினர் என்ற மூன்றையும் அவர்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். நம் பைலாக்களில் பலவற்றில் மூன்றாவது இன்னும் இல்லை. தலைவரின் மைத்துனர் பொருளாளராக இருப்பதும், அவர் மருமகன் அச்சகத்தில் இதழ் அச்சாவதும் யாருக்கும் உறுத்துவதில்லை.

நான் அரசு ஊழியர். நிற்கலாமா?

அனுமதி வாங்கிவிட்டு நில்லுங்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் இலக்கிய, அறிவியல், தொண்டுச் சங்கங்களின் நிர்வாகத்தில் பங்கேற்க இடம் தருகின்றன. ஆனால் தேர்தலில் நின்று பெறும் பதவிக்கு முன்அனுமதி வேண்டும். மாநில அரசு, பல்கலைக்கழக ஊழியர்கள் தங்கள் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெயித்த பிறகு அலுவலகத்தில் யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் அப்போது ஓடுவது சிரமம்.

பெண்கள், இளையவர்கள், சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் மனுவே கொடுப்பதில்லையே?

கொடுப்பதில்லை என்பதைவிட யாரும் கேட்பதில்லை என்பதே சரி. 1660இல் தொடங்கிய ராயல் சொசைட்டி முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1945இல். நம் சங்கங்களில் அப்படி எழுதப்பட்ட தடை எதுவும் இல்லை. கூட்டம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, தலைநகரில், முடிய ஒன்பதரை என்று வைத்தால் தடை தேவையே இல்லை, வேலை தானாக நடந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி எப்படி வருவார்? மூன்றில் இரண்டு கூட்டங்களை இணைய வழியில் வைக்கிற சங்கங்களில் மனுக்கள் கூடுவதைப் பார்க்கிறேன். முன்மொழிய ஆள் தேடும்போது கடந்த இரண்டு கருத்தரங்கங்களின் கட்டுரைப் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள். நமக்குத் தெரியாத நல்ல பெயர்கள் அதில்தான் இருக்கும்.

ஏதாவது பணப் பிரச்சினை வந்தால் நானும் மாட்டுவேனா?

கையெழுத்து போட்டதற்குப் பொறுப்பு உண்டு. கூட்டத்தில் உட்கார்ந்து தலையாட்டியதற்கும் ஓரளவு உண்டு. எனவே முன்மொழிவை ஏற்பதற்கு முன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கு, மாவட்டப் பதிவாளரிடம் கடைசியாகத் தாக்கல் செய்ததற்கான ஒப்புகை, வங்கி இருப்புச் சான்று. "அதெல்லாம் ஆடிட்டரிடம் இருக்கிறது, நம்பிக்கை இல்லையா?" என்ற பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். உள்ளே போன பிறகு ஒரு தீர்மானத்தில் உடன்பாடு இல்லையென்றால் மாற்றுக்கருத்தை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். டீக்கடையில் சொன்ன எதிர்ப்பு கணக்கில் வராது.

ஆதரவு திரட்டலாமா?

உங்கள் குறிப்பை அனுப்பலாம், போன் செய்யலாம். சாதியைச் சொல்லி, ஊரைச் சொல்லி, "வழிகாட்டி பேராசிரியர் சொன்னார்" என்று ஆய்வு மாணவர்களை நெருக்கி வாக்குக் கேட்பது அசிங்கம். இதில் கடைசி வகை நடப்பதை எல்லோரும் அறிவோம். ரகசிய வாக்குச்சீட்டு இருக்கும் வரை மாணவர்கள் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் விருப்பப்படி போடலாம். கைதூக்கி வாக்களிக்கும் சங்கமாக இருந்தால் ரகசிய வாக்கெடுப்பு கேட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

கடைசி நாள் தாண்டிவிட்டது. அல்லது நின்று தோற்றுவிட்டேன். அடுத்து?

தாண்டிய மனுவை ஏற்க முடியாது. ஒரு மணி நேரம் தாமதம் என்றாலும் அப்படித்தான், ஏனென்றால் அடுத்தவர் இரண்டு மணி நேரம் கேட்பார். ஆனால் பல பைலாக்களில் நடுவில் காலியாகும் இடத்துக்கு ஆட்சிக்குழுவே ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. அப்புறம் துணைக்குழுக்கள் இருக்கின்றன: இதழ், நூலகம், கருத்தரங்கு, இணையதளம். அவற்றுக்குத் தேர்தல் கிடையாது, செயலாளருக்கு ஒரு கடிதம் போதும். எந்த வேலையை எப்போதிலிருந்து செய்ய முடியும் என்று அதில் எழுதுங்கள். பழைய இதழ்களை அடுக்கி எண் போட ஆள் இல்லாமல் எத்தனையோ சங்க நூலகங்கள் பூட்டிக் கிடக்கின்றன, அந்தக் கடிதத்துக்குப் பெரும்பாலும் அதே வாரம் பதில் வரும்.